அடுக்குமாடி வீட்டில் சிறிய நில ஆமை: வெளிச்சமும் தரையும் எப்படி அமைய வேண்டும்?

இளவேனில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பணி மாற்றலாகி வேறு நாட்டுக்குச் செல்லவிருக்கும் எங்கள் உறவினர் ஒருவர், தாம் வளர்த்துவரும் ரஷ்ய நில ஆமையை எங்களிடம் ஒப்படைக்க விரும்புகிறார். அதன் ஓடு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நீளம் இருக்கிறது. பண்ணையில் பிறந்தது என்பதற்கான சான்றும், முறைப்படி வாங்கியதற்கான ஆவணங்களும் அவரிடம் உள்ளன. சம்மதம் சொல்வதற்கு முன், எங்கள் வீட்டில் அது நலமாக வாழ முடியுமா என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

நாங்கள் நான்காம் மாடியில் வசிக்கிறோம். தோட்டம் கிடையாது. கிழக்கு நோக்கிய பால்கனி ஒன்று உண்டு. காலை வெயில் நன்றாக விழும். கூடத்தில் பெரிய கண்ணாடிச் சன்னலை ஒட்டி, ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் சுவரோரம் காலியாக இருக்கிறது. உறவினர் இப்போது அதை 60 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் தொட்டி ஒன்றில் வைத்திருக்கிறார். நான் பார்த்தபோதெல்லாம் அது கண்ணாடியில் முன்னங்கால்களை ஊன்றி, ஒரே பக்கமாக உரசிக்கொண்டே நடந்துகொண்டிருந்தது. அது விளையாட்டா வேதனையா என்று எனக்குத் தெரியவில்லை.

சன்னல் வழியாக வரும் வெயிலே அதற்குப் போதுமா, தனி விளக்கு வேண்டுமா? பகலில் கூடத்தில் தாராளமாக நடக்கவிட்டு, இரவில் மட்டும் தொட்டியில் வைத்தால் இடப் பற்றாக்குறை தீர்ந்துவிடாதா? எங்கள் மகளுக்கு நான்கு வயது. அவள் ஆமையைத் தொட்டு விளையாட ஆசைப்படுவாள் என்பதால் அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

மண்வெட்டி

வணக்கம் இளவேனில். வளர்க்கலாம். ஆனால் சன்னல், கூடம், மீன் தொட்டி ஆகிய மூன்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அடுக்குமாடியில் ஆமை வளர்ப்பதென்றால், ஒரு வெயிலையும் ஒரு துண்டு நிலத்தையும் நாமே செய்து கொடுப்பது என்றுதான் பொருள். அவை இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் மற்றவை எளிது. அவை இல்லாமல் வேறு எதைச் செய்தாலும் பயனில்லை.

முதலில் வெயில். சன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் ஓரளவு வெப்பத்தையும் உள்ளே விடும். ஆனால் ஆமைக்கு இன்றியமையாத யுவிபி கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அந்தப் புற ஊதாக் கதிர் தோலில் படும்போதுதான் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாகிறது. அது இல்லையென்றால், உணவில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் குடல் அதைப் போதிய அளவு உறிஞ்சாது. உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். ஆமையின் ஓடும் எலும்புதான். அதன்மேல் நம் நகம் போன்ற ஒரு மெல்லிய பொருள் போர்த்தியிருக்கிறது, அவ்வளவே. ஆகவே ஒளிக் குறைபாடு முதலில் ஓட்டைத்தான் தாக்கும்: ஓரங்கள் மென்மையாகும், வடிவம் கோணும், பிறகு கால்களால் உடலைத் தூக்கி நடக்கவே முடியாமல் போகும்.

எனவே ஊர்வனவற்றுக்கென்றே செய்யப்படும் டி5 (T5) எனும் மெல்லிய வகை யுவிபி குழல் விளக்கு ஒன்றும், வெப்பத்துக்கென்று ஒரு குமிழ் விளக்கும் வாங்குங்கள். இரண்டையும் பெட்டியின் ஒரே முனையில் அருகருகே தொங்கவிட வேண்டும். வெயிலில் ஒளியும் சூடும் சேர்ந்தே வருவதுபோல் இங்கும் வரவேண்டும். குழல் விளக்குக்கும் ஆமையின் முதுகுக்கும் இடையே எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்பது விளக்கின் திறனைப் பொறுத்தது. தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கக் கூடாது. நெருக்கமான கம்பி வலைகூடக் கதிரைக் கணிசமாகக் குறைத்துவிடும். குழல் கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தாலும் அதன் யுவிபி மெல்லத் தேய்ந்துவிடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள்.

விளக்கின் நேர் கீழே 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையும், எதிர் முனையில் 20 முதல் 24 டிகிரி வரையும் இருந்தால், சூடு வேண்டும்போது இங்கும் போதும் என்னும்போது அங்குமாக ஆமையே நகர்ந்துகொள்ளும். வெப்பமானியைச் சுவரில் ஒட்டாமல், ஓட்டின் உயரத்தில் வைத்து அளவெடுங்கள். நாளுக்கு 12 மணி நேரம் விளக்கெரிந்தால் போதும். இரவில் முழு இருட்டு வேண்டும். அப்போது வெப்பம் 16 டிகிரி வரை இறங்கினால்கூட இந்த இனம் தாங்கிக்கொள்ளும். அடியிலிருந்து சூடேற்றும் கற்களும் பாய்களும் கடைகளில் கிடைக்கும். அவற்றை வாங்கவே வேண்டாம். வயிற்றோடு வெந்துபோன ஆமைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நிலம். மீன் தொட்டியில் அது செய்துகொண்டிருப்பது விளையாட்டு அன்று. கண்ணாடி என்பது ஒரு தடை என்பது ஆமைக்கு விளங்குவதே இல்லை; எதிரே தெரியும் இடத்துக்குப் போகவே நாள் முழுதும் முயன்றுகொண்டிருக்கும். உங்கள் சுவரோர இடத்தில் 150 சென்டிமீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, மேலே திறந்த மரப்பெட்டி ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். உட்புறம் நீர் புகாத விரிப்பு போட வேண்டும். மண்ணுக்கு மேல் சுவர் 30 சென்டிமீட்டராவது எழும்பி நிற்க வேண்டும். நான்கு மூலைகளிலும் சிறு பலகையால் மேல்விளிம்பை மூடிவிடுங்கள். மூலைகளில் இரண்டு பக்கமும் காலை ஊன்றி இந்த ஆமைகள் ஏறுவதை நேரில் கண்டால்தான் நம்புவீர்கள்.

உள்ளே உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்ட மண்ணையும் தென்னை நார்த்தூளையும் கலந்து, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்காவது நிரப்புங்கள். காட்டில் இவை இரண்டு மீட்டர் நீளம்வரை வளை தோண்டி, கடும் வெயிலையும் கடுங்குளிரையும் அதற்குள்ளேயே கழிக்கின்றன. ஆகவே தோண்ட மண் இல்லாத ரஷ்ய ஆமைக்குப் பாதி வாழ்க்கை இல்லை என்றே நான் கருதுகிறேன். முதல்நாள் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஒரு முன்னங்காலால் நான்கு வீச்சு, பிறகு மறுகாலால் நான்கு வீச்சு என்று மண்ணைப் பின்னால் தள்ளும். பிறகு உடலை இடமும் வலமுமாக அசைத்து உள்ளே நுழைத்துக்கொள்ளும். கடைசியில் ஓட்டின் பின்விளிம்பு மட்டும் வெளியே தெரியும். மண்ணின் மேற்பரப்பு காய்ந்தும் அடிப்பகுதி ஈரமாகவும் இருக்குமாறு, ஓரத்தில் நீர் ஊற்றிவாருங்கள். ஓடு கூம்பு கூம்பாக எழும்புவதற்கு அதிகப் புரதமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆப்பிரிக்கக் குதிமுள் ஆமைக் குஞ்சுகளை வைத்து நடத்தப்பட்டு 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, புரதத்தைவிட வறண்ட காற்றே அதற்குப் பெரிய காரணம் என்று காட்டியது.

கூடத்தில் நடக்கவிடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். தரை வழுக்கும், குளிரும். தலைமுடியும் நூலும் வாய்க்குள் போய்க் குடலில் சிக்கும். கதவிடுக்கிலும் காலடியிலும் மாட்டிக்கொள்ளும். அங்கே சுற்றும் நேரம் முழுவதும் அது விளக்கிலிருந்தும் மண்ணிலிருந்தும் விலகியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊர்வன மருத்துவம்

வணக்கம். நான் கால்நடை மருத்துவர். ஊர்வனவற்றுக்கும் சிகிச்சை அளிக்கிறேன். மேலே நண்பர் சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. குழந்தையைப் பற்றியும் உணவைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

நலமாக இருக்கும் ஆமையின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். அது ஆமைக்குத் தீங்கு செய்யாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் கடுமையான வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தரலாம். சிறு குழந்தைகள் குட்டி ஆமைகளை வாயில் வைத்து நோயுற்றதன் காரணமாகவே, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்பதை அமெரிக்கா 1975-ல் தடை செய்தது. உங்கள் மகளுக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகளுக்கு ஆமையைப் பார்க்கக் கொடுங்கள், கையில் கொடுக்க வேண்டாம். இலை பறித்து வருவதும், மண்ணுக்கு நீர் தெளிப்பதும், எடை பார்க்கும்போது எண்ணைப் படித்துச் சொல்வதும் அவளுடைய வேலையாக இருக்கட்டும். அவை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமையின் நீர்த்தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். இதில் பெரியவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, நார்ச்சத்தும் கால்சியமும் மிகுந்த, புரதமும் சர்க்கரையும் குறைந்த இலைகளே இந்த ஆமைக்கு ஏற்றவை. சாலையோரப் புகையும் பூச்சிமருந்தும் படாத இடத்தில் வளரும் அகன்ற இலைக் களைச்செடிகள், செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். உணவில் கால்சியம் பாஸ்பரஸைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும். அதற்காக வாரத்தில் சில நாட்கள் இலைமேல் கால்சியம் தூளைச் சிட்டிகையளவு தூவுங்கள். பழங்களைக் கொடுக்காதீர்கள். மிகுந்த ஆவலோடு தின்னும். ஆனால் வறண்ட புல்வெளியில் வாழப் பழகிய குடலில் அந்தச் சர்க்கரை நொதித்துத் தொல்லை தரும். பசலைக்கீரையில் கால்சியத்தை உடல் உறிஞ்சவிடாத ஆக்சலேட் மிகுதி என்பதால் அதை அன்றாட உணவாக்க வேண்டாம். ரொட்டி, சோறு, நாய் உணவு ஆகியவற்றுக்கு இடமே இல்லை. உணவை ஒரு சொரசொரப்பான தட்டைக் கல்லின்மேல் வைத்தால் அலகும் நகங்களும் தாமாகவே தேயும்.

வாரத்தில் இரண்டு மூன்று முறை, வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடமேனும் உட்கார வையுங்கள். மேலோடும் கீழோடும் சேரும் கோடுவரை நீர் இருந்தால் போதும். தலை எளிதாக வெளியே இருக்க வேண்டும். அப்போது அது நீர் குடிக்கும், கழிவும் வெளியேறும். கழிவோடு வரும் வெண்மையான பசை குழைந்த மாவு போல இருந்தால் நல்லது. மணல்போல் நெருடினால் உடலில் நீர் குறைந்திருக்கிறது என்று பொருள்.

நோயைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1968 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்தின் சோண்ட் 5 விண்கலத்தில் நிலவைச் சுற்றிவிட்டு உயிரோடு பூமிக்குத் திரும்பியவை இதே இனத்தைச் சேர்ந்த இரண்டு ஆமைகள்தாம். அத்தனை உறுதியான உடல் இவற்றுக்கு. அந்த உறுதியே வளர்ப்பவரை ஏமாற்றிவிடுகிறது: பல மாதங்கள் ஒன்றும் இல்லாததுபோல் தாங்கிக்கொண்டு, மிகவும் முற்றிய பிறகே நோயை வெளிக்காட்டும். ஆகவே கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள்; வாரம் ஒருமுறை கிராம் கணக்கில் எடை குறித்து வையுங்கள். எடை தொடர்ந்து இறங்கினாலும், மூக்கில் குமிழி வந்தாலும், கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு விட்டாலும், இமைகள் வீங்கி மூடியிருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். வாங்கிக்கொண்டதும் மலப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது. குடற்புழுவுக்கு மருந்து தரும்போது, ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு நஞ்சு என்பதை அறிந்த மருத்துவரா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் வழக்கமாகத் தரும் மருந்து என்பதால் தவறு நேர இடமிருக்கிறது.

நெடுவழி

எல்லோரும் எப்படி வளர்ப்பது என்று சொல்லிவிட்டீர்கள். வளர்க்க வேண்டுமா என்ற கேள்வியையும் யாராவது கேட்டாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இந்த ஆமை நன்றாகப் பராமரிக்கப்பட்டால் 40 ஆண்டுகளுக்கு மேல் வாழும். உங்கள் நான்கு வயது மகள் நடுவயதை எட்டும்போதும் அது இருக்கக்கூடும். அவள் படிக்கப் போகும்போதும், நீங்கள் வீடு மாறும்போதும், ஒரு மாதம் வெளியூரில் தங்கும்போதும் யார் விளக்கைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு இன்றே விடை இருக்க வேண்டும். உங்கள் உறவினரும் அன்போடுதான் வாங்கியிருப்பார். இப்போது அதை வேறொரு வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் உங்கள் நிலையில் நான் மறுக்கமாட்டேன். இது ஏற்கெனவே வளர்ப்பில் உள்ள ஆமை. அதற்கு ஒரு வீடு தேவைப்படுகிறது. நீங்களோ கேட்டறிந்த பிறகு முடிவெடுக்க நினைக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டுப் புதிதாக ஓர் ஆமை வாங்க ஆசைப்படுபவர்களுக்குத்தான் என் வேண்டுகோள். ரஷ்ய ஆமை வளர்ந்தாலும் 20 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக விற்கப்படும் ஆப்பிரிக்கக் குதிமுள் ஆமை, 40 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது. எந்த மாடி வீடும் அதற்குப் போதாது. இனம் எது என்று உறுதியாகத் தெரியாமல் எந்தக் குட்டியையும் வாங்காதீர்கள். நில ஆமைக் குடும்பம் முழுவதுமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது. நட்சத்திர ஆமை 2019-ல் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கே மாற்றப்பட்டது. காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை பெட்டிகளில் அடைபட்டுக் கடத்தப்படும் வழியிலேயே ஏராளமாக இறக்கின்றன. இளவேனில், உறவினரிடமுள்ள ஆவணங்கள் உங்கள் பெயருக்கு மாற வேண்டுமா, எல்லா ஆமைகளையும் உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை வனத்துறை அல்லது அதற்கு இணையான அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திய பிறகே ஆமையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இளவேனில்

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சட்டத்தைப் பற்றி விசாரித்துவிட்டே முடிவெடுப்போம்; அதற்கிடையில் பெட்டிக்கு அளவு கொடுக்கிறேன். நாங்கள் வெளியூர் செல்லும் நாட்களில் கீழ்த்தளத்தில் இருக்கும் என் அக்கா பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. காலை வெயில் விழும் பால்கனியை எப்படிப் பயன்படுத்தலாம்? குளிர்காலத்தில் இந்த இனம் நீண்ட உறக்கம் கொள்ளும் என்கிறார்கள். மாடி வீட்டில் அதை என்ன செய்வது? தனியாக இருந்தால் ஏங்கிப்போகாதா, துணைக்கு இன்னொன்று வேண்டுமா?

மண்வெட்டி

துணையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டவே வேண்டாம். இவை காட்டிலும் தனித்து வாழ்பவை. ஒரே பெட்டியில் இரண்டு இருந்தால் ஒன்று மற்றொன்றை இடித்தும், கால்களைக் கடித்தும், உணவருகே வரவிடாமல் தடுத்தும் நோயில் தள்ளும். இரண்டும் ஒட்டி உறங்குவதைப் பார்த்து நாம் நட்பென்று எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது நல்ல இடத்துக்கான போட்டியே.

பால்கனி உங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. எந்த விளக்கும் நேரடி வெயிலுக்கு ஈடாகாது. காற்றில் 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் காலைகளில், மண் நிரப்பிய அகலமான மரத்தட்டு ஒன்றில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். பாதித் தட்டுக்கு எப்போதும் நிழல் இருக்க வேண்டும். வெயில் நகர நகர நிழலும் நகரும் என்பதால் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தொட்டியிலோ சிறிய பிளாஸ்டிக் கூடையிலோ வெயிலில் வைத்துவிட்டால், நிழல் தேடி ஒதுங்க வழியின்றி, அரை மணி நேரத்துக்குள்ளேயேகூட வெப்பத்தால் இறந்துவிடக்கூடும். கம்பிகளின் இடைவெளியை அடியிலிருந்து பலகை வைத்து அடைத்துவிடுங்கள். ஆமை விளிம்பில் நிற்கும் என்று நம்ப முடியாது. காகம் போன்ற பறவைகளும் சிறிய ஆமையைக் கொத்தும் என்பதால் மேலே வலை போட வேண்டும். அப்போதும் நீங்கள் அருகிலேயே இருப்பது நல்லது.

குளிர்கால உறக்கத்தை முதல் ஆண்டில் தவிர்த்துவிடுங்கள். விளக்கும் வெப்பமும் வழக்கம்போல் 12 மணி நேரம் கிடைத்தால் பெரும்பாலான ஆமைகள் உறங்கப்போகாமல் தின்றுகொண்டே இருக்கும். முறையாக உறங்கவைக்க வேண்டுமானால், முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை செய்து, குடல் காலியாகும்வரை சில வாரங்கள் உணவை நிறுத்தி, பிறகு 5 டிகிரியை ஒட்டிய நிலையான குளிரில் வைக்க வேண்டும். உறைநிலைக்கு இறங்கினால் கண்ணும் உயிரும் போகும். 10 டிகிரிக்கு மேல் ஏறினால் அரைகுறையாக விழித்துச் சேமித்த கொழுப்பைக் கரைத்துவிடும். மாடி வீட்டில் அப்படி ஓர் இடம் இயற்கையாக அமைவதில்லை. அனுபவமுள்ளவர்கள் அதற்கென்றே தனிக் குளிர்பெட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து எங்கே வருகிறதென்றால், விளக்கைக் குறைத்துவிட்டு ஆமையை வெறும் அறைக்குளிரில் விடும்போதுதான். தின்று செரிக்கச் சூடு போதாது, உறங்கக் குளிர் போதாது. அந்த இடைநிலையிலேயே கிடந்து மெலிந்துபோகும்.

ஊர்வன மருத்துவம்

ஒன்றைச் சேர்க்கிறேன். புதிய இடத்துக்கு வந்த ஆமை முதல் சில நாட்கள் மண்ணுக்குள்ளேயே இருக்கும், உணவைத் தொடாமலும் இருக்கலாம். அதைத் தோண்டி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நீரில் உட்கார வைப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம். இரண்டு வாரமாகியும் தின்னவில்லையென்றால் கொண்டுவாருங்கள். வருவதற்கு முன்பே பெட்டியை முழுமையாக அமைத்து, விளக்குகளை இரண்டு நாட்கள் எரியவிட்டு, இரு முனைகளிலும் வெப்பத்தைக் காலையும் மாலையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுகள் சரியாக வராதவரை உறவினரிடம் இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்பதில் தவறில்லை.